செவ்வாயில் சாமை விதைத்தவள்

உளுந்தூர்பேட்டையில் பேருந்து பத்து நிமிடம் நின்றது. பக்கத்தில் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு ஏற்றிய ஒரு மொலாசஸ் டேங்கர் லாரி வந்து நிற்க, அந்தப் புளித்த இனிப்பு வாடை ஜன்னல் வழியாக உள்ளே ஏறியது. முன் சீட்டுக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு அது உன் சட்டை வாடை. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உன் சாவுக்கு நான் வரவில்லை. வேலை இருந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அன்று எனக்கு ஒரு வேலையும் இல்லை.

இப்போது மட்டும் வந்துகொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் தமிழ் அறிவியல் புனைகதையின் வளர்ச்சி பற்றிக் கருத்தரங்கு. நான்தான் தலைமை. சிரிக்காதே.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் கரும்புச் சாற்றின் இனிப்பை அளப்பது உன் வேலை. அளவு எழுதிக் கழித்த தாள்களின் பின்பக்கத்தில்தான் கதை எழுதுவாய். ஒரே பிரதி, நகல் எடுக்கும் பழக்கமே கிடையாது. எனக்கு அனுப்புவதற்கு முன்பு அதை ஆலை முற்றத்துக்குக் கொண்டுபோவாய். அரவைப் பருவத்தில் கரும்பு வண்டிகள் ஒரு நாள், இரண்டு நாள் என்று வரிசையில் கிடக்கும். அந்த வண்டிக்காரர்களுக்கும், கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்ட இறங்கி வந்தவர்களுக்கும் வாசித்துக் காட்டுவாய். அவர்கள் கேட்கும் கேள்விக்குக் கதையில் பதில் இல்லையென்றால் கதை இன்னும் முடியவில்லை என்பது உன் சட்டம்.

விண்கலம் ஆறு மாதம் பயணம் போவதாக நீ வாசித்தபோது ஒரு வண்டிக்காரர், "ஆறு மாசம் போய்க்கினே இருந்தா வெளிக்கு எங்க போவாங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. ஒரு வாரம் நூலகத்தில் கிடந்துவிட்டு வந்து, மலத்தை உரமாக்கி மூத்திரத்தைக் குடிநீராக்கும் இயந்திரம் ஒன்றைக் கதைக்குள் வைத்தாய். சென்னையில் அன்று அறிவியல் கதை எழுதிக்கொண்டிருந்த எங்கள் கூட்டத்தில் எவனுக்கும் அந்தக் கவலை இருந்ததில்லை. எங்கள் கதைகளில் ஒரு புரொபசர் இருப்பார், குடுவையில் பச்சைத் திரவம் கொதிக்கும், கடைசிப் பத்தியில் கதாநாயகி இயந்திரம் என்று தெரியவரும். அதற்கே ஆசிரியர் முதுகில் தட்டுவார்.

செவ்வாய்க் கதைக்காக நீ நாலு முறை மலை ஏறி இறங்கினாய். செவ்வாயில் கண்ணாடிக் கூரைக்குள் ஒரு குடியேற்றம். சாமை விளைவிக்க மலையிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிப்போகிறார்கள். இயந்திரம் நாள் தவறாமல் மழை பெய்விக்கிறது. பயிர் தளதளவென்று நிற்கிறது, கதிர் மட்டும் வைக்கவில்லை. "கொஞ்சம் காய வுடு சாமி, பயந்தாதான் அது கதிரு வுடும்" என்று அவள் பொறியாளர்களிடம் சொல்கிறாள். யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் அவளே இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொள்கிறாள்.

நான் அப்போது சென்னையில் ஒரு வார இதழில் உதவி ஆசிரியர். மலைக்காரி செவ்வாய்க்குப் போனால் வாசகன் சிரிப்பான், மாற்று, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு என்றார் ஆசிரியர். உன்னைக் கேட்டிருக்கலாம். ஆலைக்கு ஒரு போன் போட்டால் கூப்பிட்டுக் கொடுத்திருப்பார்கள். கேட்டால் நீ வேண்டாம் என்பாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. ஒரே மத்தியானத்தில் அவளை டாக்டர் ஸ்டெல்லா ஆக்கினேன். சாமையைக் கோதுமையாக்கினேன். கல்வராயன் மலையைக் கலிபோர்னியா ஆக்கினேன். அச்சுக் கோத்து முடிந்ததும் உன் தாள்களைக் குப்பைக்கூடையில் போட்டேன். உனக்கு நல்லது செய்ததாகவே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. இதைப் போல் என்னால் ஒரு நாளும் எழுத முடியாது என்று உன் கதையை வாசித்தபோதே தெரிந்துபோயிற்று. பொறாமைதான்.

பொங்கலுக்கு முன்பு நம் ஊருக்கு வந்தபோது இதழை நானே உன் கையில் கொடுத்தேன். நீ பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்துப் பிரதியில் கேட்டவர்களோடு உட்கார்ந்துதான் அச்சில் பார்ப்பேன் என்று என்னையும் முற்றத்துக்கு இழுத்துப் போனாய். உரக்க வாசிக்க ஆரம்பித்தாய். இரண்டாம் பத்தியில் ஸ்டெல்லா வந்தாள். உன் குரல் ஒரு தடவை தடுக்கியது. நிறுத்திவிடுவாய் என்று பார்த்தேன். கடைசி வரி வரைக்கும் வாசித்தாய். உனக்குச் சாமையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த மலைக்கார அம்மா கரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க பொம்பள எங்க சாமி போனா?" என்றார்.

"அவள மெட்ராஸ்லயே எறக்கி வுட்டுட்டாங்கம்மா" என்றாய்.

என் பக்கம் திரும்பவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, பேருந்தில் இடம் பிடித்துக் கொடுத்து அனுப்பிவைத்தாய். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் இருந்தாய், ஒரு வரி எழுதவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அந்த மரியாதையைக்கூட எனக்குக் கொடுக்கவில்லை.

இன்று அறிவியல் புனைகதை நன்றாகவே வளர்ந்திருக்கிறது. இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் ரோபோவைத் தங்கள் ஊர்ப் பேச்சில் பேச விடுகிறார்கள், விண்கலத்தைச் சொந்த ஊர் ஏரிக்கரையில் இறக்குகிறார்கள். மண் சார்ந்த அறிவியல் கதை என்று பெயர் வைத்து விருதும் கொடுக்கிறார்கள். கருத்தரங்கில் தந்த தொகுப்பில் உன் கதையும் இருந்தது. உன் பெயர் போட்டு, 'மேற்கைப் பார்த்து எழுதிய முதல் கட்டம்' என்ற பகுதியில். தலைமை உரையில் நானும் அந்தக் கட்டங்களை அப்படியே ஒப்பித்தேன். பொன்னாடை போர்த்தினார்கள்.

கடைசியில் ஒரு மாணவி எழுந்தாள். "சார், இவரு எங்க மூங்கில்துறைப்பட்டுக்காரருங்க. கிட்டக்கவே மலை இருக்குது. இன்னாத்துக்கு சார் கலிபோர்னியாவப் போய் எழுதுனாரு?"

மைக் என் கையில்தான் இருந்தது. "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்மா எழுதுனாங்க" என்றேன். அவள் குனிந்து நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் உன் வீட்டுக்குப் போனேன். ஏதாவது தாள் இருக்கிறதா என்று உன் மனைவியிடம் கேட்டேன். எழுதுவதை விட்ட பிறகு உன்னைக் கட்டிக்கொண்டவர், நீ கதை எழுதியதே அவருக்குத் தெரியாது. அறைக்குத் திரும்பி, அந்த மாணவிக்கு நடந்ததை எழுத உட்கார்ந்தேன். மழை, இயந்திரம், கதிர் வைக்காத சாமை எல்லாம் வரிசையாக வந்தன. செவ்வாய்க்குப் போன அந்த மலைக்காரியின் பெயர் மட்டும் வரவில்லை. நீ அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தாய். அது வந்த இடமெல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்து, மேலே ஸ்டெல்லா, ஸ்டெல்லா என்று எழுதியது இந்தக் கைதான். முற்றத்தில் உன் கதையைக் கேட்டவர்களில் ஒருவர் பெயரையும் நான் கேட்டு வைத்ததில்லை. நான் வைத்த பெயர் சாகும்வரை எனக்கு மறக்காது. நீ வைத்த பெயரைத் தெரிந்துகொள்ள இனி யாரையும் கேட்க முடியாது.