கடைசி நிறத்துக்குக் காத்தாயி என்று பெயர்

என் கறுப்புத் தங்கமே, காத்தாயி அம்மா,

நல்ல வார்த்தையாக நாலு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. எனக்குக் கோபமாக இருக்கிறது. நீ போய் வருஷம் திரும்புகிறது, செத்தவளைத் திட்டக்கூடாது என்பார்கள். திட்டாமல் எழுதினால் நான் எழுதியது என்று நீயே நம்பமாட்டாய்.

போன வாரம் அண்ணன் சுங்கை காடுட்டில் வேலை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தான். பேப்பரில் போட உன் நினைவஞ்சலி விளம்பரம் தயாராகிவிட்டதாம். போனை நீட்டினான். உன் பெயர் இருந்தது, எங்கள் பெயர்கள் இருந்தன. நடுவில் வெளுத்த பொம்பளை ஒருத்தி பூ வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"யாருண்ணே இது?"

"அம்மாதான் லா. ஸ்டூடியோக்காரன்கிட்ட கொஞ்சம் வெளுப்பாக்கச் சொன்னேன். பளிச்சுன்னு இருக்கு பாரு."

உன் மூக்குத்தி, உன் பட்டுச்சேலை எல்லாம் சரியாகத்தான் இருந்தன. தோல் மட்டும் யாருடையதோ. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். இந்தப் படம் போகக்கூடாது, வேறு படம் கொடு என்றேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வேறு படம் இல்லை. பிஸ்கட் டின்னைக் கொட்டித் தேடினேன். கல்யாணப் படம், திருவிழாப் படம், அண்ணன் மகள் காதுகுத்து, எதிலும் நீ இல்லை. படத்துக்கு நிற்கும் முன்னால் பவுடரை அப்பிக்கொள்வாயே, அந்தப் பவுடர்தான் இருக்கிறது. முகம் ஓர் ஊர், கழுத்து ஓர் ஊர். ஒரே ஒரு தடவை சும்மா நின்றிருக்கக் கூடாதா?

எனக்குத் தெரியும், அது எங்கே ஆரம்பித்தது என்று. ரெம்பாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் நீ பால்மரம் வெட்டின காலம். விடியும் முன்னே பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்பாய், ஆள் எண்ணுவார்கள். பிள்ளைகளை விடும் ஆயாக் கொட்டகைக்குப் போகிற வழி என்பதால் நானும் உன் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வேலை வாங்குகிற மண்டோர் தினமும் அதே பேச்சைப் பேசுவான். "காத்தாயி வந்திருக்கியா? எங்க, சிரி. அப்பத்தான தெரியும்." எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். மறுநாள் பவுடர் இன்னும் கொஞ்சம் ஏறும்.

ஏம்மா சிரித்தாய்? ஒரு நாளாவது அவனை முறைத்திருந்தால் என்ன, மரமா சாய்ந்திருக்கும்?

அந்த மண்டோர் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் வாய் மட்டும் இங்கேயேதான் இருக்கிறது. நான் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போட்ட வருஷமெல்லாம் அதைத்தான் கேட்டேன். பெண் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். மாமியார்க்காரி வந்து, "கொஞ்சம் தூக்கிப் போடுமா, மாப்பிள்ளை செவப்பு" என்பாள். அது பொறுக்காமல்தான் அந்த வேலையை விட்டு, அவரவர் நிறத்துக்கே பொருந்துகிற க்ரீம் சொந்தமாகச் செய்ய இறங்கினேன். போட்டதே தெரியக்கூடாது. என் சரக்குக்கு அது ஒன்றுதான் சட்டம்.

நம் ஆட்கள் சட்டத்துக்கா அடங்குவார்கள்? மணிக்கட்டின் உள்பக்கம் தேய்த்துப் பார்க்கிறார்கள். வெயில் படாத இடம் வெளுப்பாக இருக்காதா? அந்த நிறத்தை வாங்கிப்போய் முகத்தில் பூசிவிட்டு, "சாம்பல் பூசின மாதிரி இருக்கு" என்று என்னிடமே சண்டைக்கு வருகிறார்கள். தாடையில் பாருங்கள் என்று கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. என்ன நிறம் என்று கேட்டால் எல்லோரும் மாநிறம். கறுப்பு என்று சொல்ல ஒருத்திக்கும் நாக்கு வருவதில்லை.

அம்பாங்கானில் என் சரக்கை எடுத்து விற்கிற கடைக்கார அக்கா அந்த வாரம்தான் சொல்லியிருந்தாள். "மத்ததெல்லாம் போவுதுமா. அந்தக் கடைசி கலர், கறுப்பு, அது மட்டும் அப்படியே ஒக்காந்திருக்கு. நிறுத்திடு லா." வீம்புக்குக் கடை நடத்த முடியுமா? அடுத்த தடவை அதைக் கலக்க வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் நானும் இருந்தேன்.

காலி டின்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. அந்தக் கடைசி நிறம் எங்கிருந்து வந்தது? நீ என் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தபோது, ஜன்னலோர வெளிச்சத்தில், உன் தாடையில் வைத்து வைத்துக் கலந்ததல்லவா?

"எதுக்குடி என் மூஞ்சிய வச்சுக் கடை போடுற? ஒருத்தியும் வாங்கமாட்டா."

"சும்மா இரும்மா."

"கொஞ்சம் வெள்ளை சேத்துக்கயேன்."

சேர்க்கவில்லை. அன்றைக்கு உன்மேல் வந்த கோபத்தில் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை.

அந்த டப்பாவை எடுத்துவந்து அண்ணன் தாடையைப் பிடித்துத் தேய்த்தேன். திமிறினான், விடவில்லை. கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

"எங்க போட்ட?"

"அதான் அம்மா" என்றேன்.

ரொம்ப நேரம் கண்ணாடியை வைக்கவே இல்லை. அப்புறமும் அவன் கேட்டது என்ன தெரியுமா? "பேப்பர்ல கறுப்பா வந்தா ஆளுங்க என்ன சொல்வாங்க?"

கறுப்பு என்று சொல்வார்கள், சொல்லட்டும் என்றேன்.

விளம்பரத்தில் உன் படம் வரும் கட்டத்தில் அந்த நிறத்தை மட்டும் நிரப்பி அனுப்பினேன். பேப்பர் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். "படம் விட்டுப்போச்சுங்களே?" விடவில்லை, அதுதான் படம் என்றேன். அதற்குக் கீழே போடத்தான் இந்தக் கடிதம்.

இனி அந்த டப்பாவின் மேல் உன் பெயர் இருக்கும், அம்மா. விற்றாலும் விற்காவிட்டாலும் கடைசியில் வைக்கமாட்டேன், வரிசையில் முதலாவதாக வைப்பேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், உன்னை ஒருத்தரும் வெளுக்க விடமாட்டேன். நீயே வந்து கெஞ்சினாலும் சரி.

இப்படிக்கு,
உன் தாடையும் உன் நிறமும் அப்படியே வாய்த்த உன் மகள்