சின்னவள் பார்த்த கை

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும், முதலில் அதுதான். எனக்கு முட்டிப் பிடிப்பைத் தவிர வேறு குறை இல்லை, சர்க்கரை நான் சொன்ன பேச்சைக் கேட்கிறது, நான்தான் டாக்டர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனில் இதை ஆரம்பித்தால் நீ அழுவாய், நீ அழுதால் நான் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுவேன், நம் இரண்டு பேருக்கும் இதே வேலை. கூடத்தில் பேசினால் உன் தங்கையின் அறைக்குள் ஒரு வார்த்தை விடாமல் கேட்கும் என்பது இன்னொன்று. அதனால் அவள் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் எழுத உட்கார்ந்தேன், நடுவில் எட்டாவது மாடிக்காரர் லிப்ட் நின்றுபோச்சு என்று வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். ரிடையர் ஆன மெக்கானிக்குக்கு இந்தக் கட்டடத்தில் ரிடையர்மெண்ட் கிடையாது.

அந்த லான் பவுல்ஸ் அரையிறுதியைப் பற்றித்தான் எழுத வந்தேன். கீழ்வீட்டுத் தையல்காரரும் டிவியில் பார்க்க வந்திருந்தார். இதுல உங்க பொண்ணு எது சார் என்றார், இரண்டும்தான் என்றேன். மனுஷன் மூக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டார். அந்த ஊர்ச் சட்டையில் நீ, நம் சட்டையில் அவள், இரண்டுக்கும் நடுவில் பச்சைக் கம்பளம். எதற்குக் கைதட்டுவது என்று தெரியாமல் கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும், ஜெயிச்சாச்சா என்றார், ஆமாம் என்றேன். அப்புறம் ஏன் சார் மூஞ்சி இப்படி இருக்கு என்றார், தோத்தும் போச்சே என்றேன். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு இந்தக் கூடத்தில் நான் மட்டும்தான்.

உன்னைப் பற்றி எனக்குப் பெருமை இல்லை என்று நினைத்துவிடாதே. நான் லிப்ட் பார்க்கப் போன கிளப்பில், உங்கம்மா ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வரும்வரை உங்களை உட்கார வைத்த இடம் அந்த உள்ளரங்கு. அங்கே ஆரம்பித்தது எங்கேயோ போய் நின்றது. ஒரு பக்கம் கனம் கூடிய அந்தக் குண்டு நேராகப் போகாமல் வளைந்து வளைந்து சின்ன வெள்ளைப் பந்தைத் தேடிப் போவதைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. சின்னவள் முதலில் உருட்டுவாள், நீ அந்தக் கடைசியில் வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் நின்று கையால் வழி சொல்வாய். உள்ளே கம்பளத்தில் வெண்கலம், வெளியே புல்தரையில் வெள்ளி, எல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது. பிறகு கல்யாணம், வேறு நாடு, அங்கே ஆடத் தகுதி வரும்வரை எந்த நாட்டுக்கும் ஆடாமல் நீ பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது. அந்த வருஷங்களில் உன் குரல் போனில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். புதுச் சட்டை போட்டு நீ முதல் தடவை நின்றபோது நான் எழுந்து நின்றேன், வீட்டில் யாரும் இல்லை, நானாகத்தான் நின்றேன். ஆனால் நீ போன பிறகு அவள் யாரோ ஒருத்தருக்கு முன்னால் உருட்டிக்கொண்டிருந்தாள் என்பதை நாம் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அந்தச் சுற்றில் அவளுடைய குண்டுதான் வெள்ளைப் பந்தை ஒட்டி நின்றது. அவளுடைய ஸ்கிப், அதான் அந்தக் கடைசியில் நின்று வழி சொல்லும் தலைவி, முன்னால் ஒன்றைப் போட்டு வழியை அடை என்று உள்ளங்கையைக் கீழே காட்டினாள். நீ எதிரணி ஸ்கிப், பின்னால் தள்ளிச் சும்மா நிற்க வேண்டியவள், உன் கை இடது தொடைக்குப் போனது. அந்தப் பக்கத்தை விட்டுட்டு இந்தப் பக்கமா வா என்று உங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த அடையாளம். அவள் குண்டைக் கையிலேயே திருப்பிப் பிடித்து இந்தப் பக்கமாக விட்டாள். வேகம் ஒரு பொட்டு கூடிவிட்டது, வெள்ளைப் பந்து அடிபட்டு நழுவி உங்கள் குண்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தது, ஆட்டமும் அங்கேயே கைமாறியது. அவளுடைய ஸ்கிப் அங்கிருந்தே, யாரைப் பாத்து உருட்டினே என்று கத்தினாள். அரங்கமே கேட்டது, நானும் கேட்டேன்.

நீ வேண்டுமென்றே செய்தாய் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள், உங்கள் பக்கத்தில் கெட்டிக்காரி என்று சொல்லியிருப்பார்கள். கை தானா போயிடுச்சுப்பா என்று நீ எனக்கு அனுப்பியதை நான் நம்புகிறேன், நம்புவதற்குக் காரணமும் இருக்கிறது. அந்த ஆட்டத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கேமரா உன் தலைக்கு மேலே இருந்தது. அவள் குண்டு வளைந்து வரும்போது நீ பின்னால் அடி வைத்துக்கொண்டே விரலை ஆட்டி அதை வா வா என்று கூப்பிடுகிறாய். எதிராளியின் குண்டை யாராவது கூப்பிடுவார்களா? அது தப்பிப் போனதும் உங்கள் ஆள் வந்து முதுகில் தட்டினாள், நீ தலையை நிமிர்த்தவே இல்லை. தப்பு அவள் ஒருத்தியுடையது இல்லை அம்மாடி, நீயும் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை மறந்துதான் நின்றாய்.

உன் போனை அவள் எடுக்காதது உன் மேல் கோபத்தால் என்று நீ நினைக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்த நாளாய்ப் பையைத் திறக்கவில்லை, குண்டுகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன, கேட்டால் பிடி கொடுக்காமல் போய்விடுவாள். தேர்வுக் குழு அம்மாவே வீடு தேடி வந்து, அடுத்த முகாமுக்கு நீயே ஸ்கிப்பா நில்லு என்று சொல்லிவிட்டுப் போனார். வரமாட்டேன், ஆட்டத்தையே விட்டுட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவர் திங்கட்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். முந்தாநாள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அவளாகச் சொன்னாள். "அக்கா கை போனா எனக்கு வேற யாருமே கண்ணுக்குத் தெரியலப்பா. இத்தனை வருஷம் கழிச்சும் இப்படி இருக்கேனே, வெக்கமா இருக்குப்பா. எனக்கு எதுக்கு இந்த ஆட்டம்?" நான் என்னென்னவோ சொன்னேன், எல்லாம் உப்புச் சப்பில்லாமல் போயிற்று. அப்பா சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வாள். அவளுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ அவள் குண்டைக் கூப்பிட்டதை நீயே அவளுக்கு எழுது. போனை எடுக்கமாட்டாள், ஆனால் உன் கையெழுத்தைப் பார்த்தால் பிரிப்பாள். மன்னிப்பெல்லாம் கேட்காதே, அதைப் படித்தால் இன்னும் சுருண்டுகொள்வாள். உனக்கும் மறந்துபோனது என்று மட்டும் எழுது. எனக்கும் சேர்த்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள். இரண்டு பேரும் இருந்த வீட்டில் கத்தலும் சண்டையுமாக இருக்கும், உங்கம்மா இருந்தவரை காதைப் பொத்திக்கொள்வாள். இப்போது ஒருத்தி கடல் தாண்டி இருக்கிறாள், ஒருத்தி கதவுக்குப் பின்னால் இருக்கிறாள், எனக்கு இரண்டும் ஒரே தூரமாகத்தான் இருக்கிறது. டிவியை யாருக்காகச் சத்தம் குறைப்பது என்று தெரியாமல் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சிக்கு ஓடாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், அவர் தோள் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும், மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டாம். இரண்டு பேரும் நூறு வருஷம் மனசு ஒத்து வாழ வேண்டும், உன் கை எந்தச் சட்டையில் இருந்தாலும் நடுங்காமல் இருக்க வேண்டும். திங்கட்கிழமையை மறந்துவிடாதே, தபால் தாமதம் என்றால் உன் கையால் எழுதியதைப் போட்டோ எடுத்தாவது அனுப்பு.

இதை மடிக்கப்போகும்போது சின்னவள் கடையிலிருந்து வந்துவிட்டாள். மறைக்க நேரமில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, அக்காவுக்கா என்றாள். ஆமாம் என்றேன். நான் நல்லா இருக்கேன்னு மட்டும் எழுதிடாதப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும்
அப்பா