வெற்றிலைக் கொடியில் இருந்த பூச்சி

பெக்கோக் ரப்பர்த் தோட்டம்,
1934, ஐப்பசி 9

சௌபாக்கியவதி புஷ்பவள்ளிக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. தோட்டத்து மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நாகப்பட்டினத்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று இதற்கு முன்னே மூன்று கடிதத்தில் கேட்டாயிற்று, பதில் இல்லை. கோபம் என்று தெரியும். இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

இங்கே மழை பிடித்துக்கொண்டது, பாதி நாள் பால்வெட்டு இல்லை, அப்பா வீட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டே பொழுதைப் போக்குகிறார். அந்த வெற்றிலைக் கொடியைப் பற்றித்தான் எழுத வந்தேன். போன ஆடியில், லயத்து வீட்டுக்குப் பின்னால் பாக்கு மரத்தில் ஏற்றிவிட்ட நம் கொடி மறுபடி வாட ஆரம்பித்தது. உன் நிச்சயதார்த்தத்தின்போது வாடியதே, அதே மாதிரி, கொதிக்கிற எண்ணெய் தெறித்தாற்போல் இலையெல்லாம் பழுப்புப் பொட்டு. தூரமான நாளில் நீ கொடியைத் தொட்டுவிட்டாய், அதனால்தான் தாம்பூலத் தட்டுக்குக் கடை வெற்றிலை வாங்க வேண்டியதாயிற்று என்று அன்றைக்குப் பக்கத்து லயத்து லெட்சுமணன் மாமா குடும்பத்துக்கு முன்னால் உன்னைத் திட்டினேன். நீ அழுதுகொண்டே, இலைக்கு அடியில பூச்சி இருக்கு, வந்து பாரும்மா என்றாய். நான் வரவில்லை. செய்ததையும் செய்துவிட்டுப் பூச்சியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாயா என்று கேட்டேன்.

இந்தத் தடவை நீ இங்கே இல்லை, எனக்கும் அது நின்று இரண்டு வருஷமாகிறது, யாரைத் திட்டுவது? அப்போதுதான் இலையைத் திருப்பிப் பார்த்தேன். சீரகம் அளவில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இறக்கை கொசுவலைத் துணி மாதிரி கண்ணி கண்ணியாக இருக்கிறது, முதுகில் ஒரு குட்டிக் கொம்பு, நடந்தால் பக்கவாட்டில் நடக்கிறது. நீ அன்றைக்குச் சொன்னது இதைத்தான் என்று புரிந்தது, பார்ப்பதை நிறுத்தவும் முடியவில்லை. இரண்டை இலையோடு பிடித்து மருந்துப் புட்டியில் போட்டுத் துணி கட்டி வைத்தேன். அது இலையில் மூக்கைக் குத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் உலைச்சோறு அடிப்பிடித்தது. பூச்சிக்கு மாப்பிள்ளை பாக்குறியா என்று அப்பா கேலி.

அந்தச் சமயம் சிங்கப்பூர் அருங்காட்சிசாலைக்குப் பூச்சி சேகரிக்கிற ரோலண்ட் என்கிற கிறிஸ்துவ வேதக்காரத் தம்பி தோட்டத்துக்கு வந்திருந்தார். புட்டியைக் காட்டினேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொடியில் இன்னும் நாலைப் பிடித்து, ஆறு பூச்சியையும் சாராயத்தில் போட்டுச் சீமைக்கு அனுப்பினார். போன வாரம் பதிலோடு வந்தார். இப்படி ஒரு பூச்சி அவர்கள் புத்தகம் எதிலும் இல்லையாம், புதுசாம்! நம் பாக்கு மரத்தடியில் இருந்திருக்கிறது பார்.

கண்டுபிடிச்சது நீங்கதானேம்மா, உங்க பேர எழுதிக்கிறேன் என்றார். பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. அப்புறம், இல்லை தம்பி, ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே என் மகள் பார்த்தாள், நான்தான் நம்பவில்லை என்றேன். ஏன் நம்பவில்லை என்று கேட்டார். அந்நிய ஆணிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொல்லிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, முதலில் கண்டவர் புஷ்பவள்ளி என்று நோட்டில் எழுதினார். குஞ்சு என்ன நிறம், முட்டை எங்கே வைக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மழையில் இப்போது ஒன்றுகூட இல்லை. குஞ்சும் முட்டையும் பார்த்திருக்கக்கூடியவள் நீ ஒருத்திதான்.

நான் சொன்னது தப்பு, புஷ்பா. அதுவும் நாலு பேர் முன்னால் சொன்னது பெரிய தப்பு. லெட்சுமணன் மாமா வீட்டுக்கு நேற்றுப் போய் எல்லார் முன்னாலும் அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். தாலி பாக்கியத்தோடும் பிள்ளைச் செல்வத்தோடும் நீ நிறைந்து இருக்க வேண்டும். குஞ்சின் நிறத்தை எழுத மறக்காதே, அதற்காகவாவது எழுது. கொடி இப்போது துளிர்த்திருக்கிறது. நீ வரும்போது எந்த நாளாக இருந்தாலும் சரி, உன் கையாலேயே கிள்ளி எனக்கு ஒரு வெற்றிலை கொடு.

இப்படிக்கு,
உன் அம்மா
கிருஷ்ணம்மா