அக்கா வீட்டுக்கு வந்த பயணி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

கப்பல் அக்கா ஊரில் நின்றது. நீங்கள் சொன்னபடி, கப்பலில் கழிவறை கழுவும் இந்த வேலையை விட்டு அங்கேயே தங்கிவிடலாம் என்று துணிப்பையோடு போனேன். அக்கா வாசலிலேயே மறித்தாள். "நீ கப்பல்ல ஊர் சுத்த வந்த பயணின்னு சொல்லியிருக்கேன். அந்தப் புண்ணு கையைத் துப்பட்டாவுக்குள்ள வெச்சுக்கோ."

அவள் மாமியார், "இவ்வளவு வசதி இருந்தும் வெறுங்கையை வீசிட்டா வந்தே?" என்றார்.

"அவ எப்பவுமே கஞ்சப் பிசினாறி, அத்தை!" என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தங்கட்டுமா என்று கேட்காமலே துணிப்பையை எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது, "இனிமே இங்க இறங்காதேடி" என்றாள் அக்கா.

விரல் வெடிப்புக்குக் களிம்பு அனுப்புங்கள். அக்காவைத் திட்டாதீர்கள். அடுத்த முறை அந்த ஊரில் எனக்கு விடுப்பு வேண்டாமென்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டேன். வேலைக்கு மணி அடிக்கிறது.

உங்கள் சின்னவள்