இறக்க மறந்த ஒரு கட்டை

மார்ச் 4
கல்லூரி ஒன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பெண் எழுந்து, டிவி பாட்டுப் போட்டியில் நான் ஜெயித்தது திறமையாலா, அதிர்ஷ்டத்தாலா என்று கேட்டாள். உழைப்பு என்றேன், கூச்சமே இல்லாமல். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 9
புதுப் படத்துக்கான பாட்டு வந்தது. வழக்கம்போல வேறொருவர் பாடிய டிராக். அதைக் கேட்டுப் படித்து நான் பாடுவேன், பிறகு அந்தக் குரலை எடுத்துவிடுவார்கள். முதல் வரியிலேயே யார் என்று தெரிந்துவிட்டது. விசில்.

உச்சத்தில் சீட்டியடிப்பது போலப் பாடுவாள் என்று போட்டியில் நாங்கள் வைத்த பெயர். நான்கு வருஷமாக அவளைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. பயம். ஆனால் இந்தப் பாட்டில் உச்சமே இல்லையே? இசையமைப்பாளரிடம் கேட்டேன். "அந்தப் பொண்ணுக்கு மேல எட்டாதும்மா. அதான் இறக்கிப் போட்டேன்."

எட்டாதாம். அவளுக்கு!

மார்ச் 10
இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

இறுதிச் சுற்று. கீபோர்டு மட்டும்தான் துணை. என் பாட்டுக்காகப் பட்டனை அழுத்திச் சுருதியை ஒரு கட்டை ஏற்றி வைத்திருந்தார் வாசிப்பவர். பாடிவிட்டு இறங்கும்போது கீபோர்டின் திரையைப் பார்த்தேன், ஏற்றியது ஏற்றியபடியே இருந்தது. அடுத்து விசில். அவள் பாட்டு ஏற்கனவே உச்சாணிக் கொம்பில் நிற்கிற பாட்டு.

"அண்ணா, சுருதி." இரண்டே வார்த்தை. சொல்லவில்லை. அவரே கவனித்துவிடுவார் என்று நினைத்தேன் — பொய். கவனிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். சரணத்தில் அவள் குரல் உடைந்தது. நான் ஓரமாக நின்று அவளுக்காக அழுதேன். அதைக் கேமரா எடுத்தது. அதற்கும் நாலு ஓட்டு விழுந்திருக்கும்.

மார்ச் 12
ஸ்டுடியோவில் அவளைப் பிடித்தேன். மாடிப்படியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த காப்பியைப் படியில் வைத்தாள்.

"என் தொண்டைதான் போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்டி. அந்த எபிசோடை இன்னி வரைக்கும் நான் பாக்கல. போற எடமெல்லாம் இறக்கிப் போடுங்க, இறக்கிப் போடுங்கன்னு நானே கெஞ்சிட்டிருக்கேன்."

பரிசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அதைத்தான் பறித்தேன் என்று நான்கு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், மடச்சி. மன்னிச்சிடு என்றேன். எழுந்து மேலே போய்விட்டாள்.

மார்ச் 13
போனை எடுக்கவில்லை.

மார்ச் 14
எடுக்கவில்லை. நானாக இருந்தால் எடுப்பேனா?

ஏப்ரல் 2
அதே பாட்டு, புது டிராக். தொடக்கத்தில் வெட்ட மறந்த பேச்சு கொஞ்சம் இருந்தது. அவள் குரல்: "சார், ஒரு கட்டை ஏத்துங்க." கொஞ்சம் கழித்து, "இன்னும் அரை."

அப்புறம் பாடியிருக்கிறாள். என்னத்தைச் சொல்ல. குளியலறையில் பாடிப் பார்த்தேன், மொட்டை மாடியில் பாடிப் பார்த்தேன். எனக்கு எட்டவில்லை.

இசையமைப்பாளர் போன் செய்தார். "உங்களுக்கு இறக்கித் தர்றேம்மா. உங்க பேர் இருந்தாத்தான் பாட்டு ஓடும்." ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. இறக்க வேண்டாம், அந்தக் குரலையே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு எட்டவில்லை என்றேன். உண்மையைச் சொன்னால் நிம்மதி வரும் என்று நினைத்தேன். பொறாமைதான் வந்தது.

மே 19
பாட்டு வெளிவந்துவிட்டது, அவள் பெயரோடு. தங்கை சமையலறையில் சத்தமாக வைத்திருந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"யாருக்கா இது? இத்தனை நாள் எங்க இருந்தாங்க?"

என் அக்கா யார் தெரியுமா என்று ஊரெல்லாம் பெருமையடிக்கிறவள். குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவளுக்கும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுப் பாட்டை மட்டும் முதலிலிருந்து மறுபடி போட்டாள்.