வண்டி கழுவ வருகிறவன்

மார்ச் 4
காகிதக் கிடங்கில் தீ. பக்கத்துத் தீயணைப்பு நிலையத்து வண்டியும் வந்தது. அவர்கள் தலைவன் நெட்டையன், புகைக்குள் நின்றபடி ஒரே திருகில் இரண்டு குழாய்களை இணைத்தான். கண் மூடித் திறப்பதற்குள் தண்ணீர். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் என்னவோ உறுத்தியது.

மார்ச் 5
இரண்டு நிலையங்களுக்கும் வருடா வருடம் நடக்கும் போட்டியில் மூன்று வருடமாக நாங்கள்தான் ஜெயிக்கிறோம். ஓடிப்போய்க் குழாயை இணைத்து, தூரத்து டப்பாவைத் தண்ணீரால் அடித்துச் சாய்க்க வேண்டும். மூன்று தடவையும் இணைக்கும் இடத்தில்தான் நெட்டையன் தடுமாறினான். "கை வேர்த்துடுச்சு தலைவரே" என்று சிரிப்பு வேறு. நெருப்புக்குப் பக்கத்தில் வேர்க்காத கை மைதானத்தில் வேர்க்குமா?

மார்ச் 9
பிடிபட்டது. தோற்றவர்கள் மறு ஞாயிறு ஜெயித்தவர்களின் வண்டியைக் கழுவ வேண்டும். நிலையத்தை ஒட்டித்தான் என் குடியிருப்பு; எங்கள் வண்டி நிற்பது என் வீட்டு வாசலில். மற்றவர்கள் போன பிறகும் அவன் மட்டும் ஒரே சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பான். பொறுப்பானவன் என்று நானே டீ கொடுத்தனுப்பியிருக்கிறேன், என் தங்கை கையில். என்னைப் போல ஒரு மடையன் உண்டா?

மார்ச் 10
தங்கையின் போன் அடித்தாலே காதைத் தீட்டிக்கொள்கிறேன்.

மார்ச் 14
கேட்டுவிட்டேன். அவள் மறைக்கவில்லை.
"ஆமாண்ணா. நான் வேலை பாக்குற மருந்துக் கடைக்கு வருவாரு, அப்பவே பழக்கம். கட்டிக்கிட்டா அவரைத்தான்."
"உன்னைப் பாக்கத்தான் தோத்தானா?"
"இல்ல. நான்தான் தோக்கச் சொன்னேன். அதுக்கு முந்தி நீ தோத்துட்டு வந்தப்போ ஒரு வாரம் யாரோடயும் பேசல. அண்ணி வச்ச தட்டைத் தள்ளி விட்டே. பிள்ளைங்க மூச்சு விடவே பயந்துச்சுங்க."
என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

மார்ச் 15
வயிறு எரிகிறது. இதை அணைக்க எந்த நிலையத்துக்குச் சொல்வது?

மார்ச் 21
அவன் நிலையத்துக்கே போனேன். "இந்த வருஷம் ஒழுங்கா ஓடு. இல்லேன்னா கல்யாணப் பேச்சே கிடையாது."
"உங்க தங்கச்சியக் கேட்டுட்டுச் சொல்றேன் தலைவரே."
என்ன திமிர்.

ஏப்ரல் 6
தோற்றோம். நாங்கள் குழாயை விரித்து முடிப்பதற்குள் அவர்கள் டப்பா விழுந்துவிட்டது. அப்படியென்றால் அந்த மூன்று வருடமும் — சரி, விடு.
வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் டிவியை அணைத்துவிட்டு உள்ளே போனார்கள். மனைவி தட்டை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். உட்கார்ந்து சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன்.
"அவங்க வீட்டுல எப்ப வர்றாங்களாம்?" என்று தங்கையிடம் கேட்டேன். அவள் அழுதாள்.
சின்ன மகள் கதவோரம் வந்து நின்று என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.