எங்கள் ஒரே வெளிநாட்டான்

பிப்ரவரி 9

என் அறை பல்பு போய் நான்கு நாள் ஆகிறது. மின்வேலை பார்க்கும் கூலே வரமாட்டாராம். மூடப்போகிற ஆபீசுக்கு வெளிச்சம் எதற்கு என்று கேன்டீனில் சொல்லியிருக்கிறார். ஆக, எங்கள் எல்லையோர ஊர் கசேசே முழுக்கத் தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். மார்ச் 20 ஆட்சிக்குழு கூடுகிறது. அன்றைக்கு இருபத்தைந்து வெளிநாட்டு மாணவர்களைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, என்னைப் பழையபடி கீழ்த்தள ஆவண அறைக்கு அனுப்பிவிடுவார் துணைவேந்தர். ஒன்பது வருடம் அங்கே எலிகளோடு உட்கார்ந்து சேர்க்கைப் பதிவேடு எழுதியவள் நான். திரும்பப் போக மாட்டேன்.

கையிருப்பு: ஒன்று. ஜெர்மனியிலிருந்து வந்திருக்கும் டில்மான்.

பிப்ரவரி 12

விளம்பரப் புத்தகத்துக்குப் படம் எடுத்தோம். நூலகத்தில் டில்மான். வெள்ளைக் கோட்டில் டில்மான். தொப்பியோடு டில்மான், மரம் நடும் டில்மான். துணைவேந்தர் பார்த்துவிட்டு, "கண்ணாடி போட்டு இன்னொண்ணு எடு பீரா, கூட்டமாத் தெரியணும்" என்றார். என் கண்ணாடியைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு நடந்தவன் தான் நட்ட மரத்தையே மிதித்துவிட்டான்.

பிப்ரவரி 17

மாணவர் பட்டியல் முழுவதையும் விரல் வைத்துப் படித்தேன் — வெளிநாட்டுப் பெயர் ஒன்றாவது கண்ணில் படாதா என்று. பலுகு, மசிகா, தெம்போ, மும்பேரே, மறுபடி பலுகு. எங்கள் கொன்சோ ஜனத்தில் எத்தனையாவது பிள்ளையோ அதற்கேற்ற பெயர். வளாகத்தில் நின்று மசிகா என்று கூப்பிட்டால் நாற்பது தலை திரும்பும். ஓரிடத்தில் நெப்போலியன் என்றிருந்தது. அகப்பட்டான் என்று ஓடினேன். சந்தைக்குப் பின்னால் வீடாம். அவன் அப்பாவும் நானும் ஒரே வகுப்பு.

நடுவில் ஒரு பெண் காகிதத்தோடு வந்து கையெழுத்துக் கேட்டாள். எங்கள் மொழியில்தான் கேட்டாள். கதவிலிருந்த பலகையைக் காட்டினேன். "இது வெளிநாட்டுக்காரங்களுக்கு, கண்ணு. நீ கீழ ஆவண அறைக்குப் போ." போய்விட்டாள்.

பிப்ரவரி 24

அந்தப் பெண் மறுபடி. ஆவண அறையில் இங்கே போகச் சொன்னார்களாம். தட்டிக்கழிப்பதுதான் அவர்களுக்கு வேலையே. காகிதத்தை நான் கையில் வாங்கவில்லை. டில்மானுக்கு வயிறு சரியில்லை, எனக்கு அந்தக் கவலை. ஆனால் அவளிடம் ஒரு உதவி கேட்டேன்: அவனுக்கு நம் ஊரைக் கொஞ்சம் பழக்கிவிடு என்று. நம்ம ஊர்ப் பெண், பொறுப்பானவளாகத் தெரிந்தாள். ஒரு மாதிரிச் சிரித்துவிட்டுச் சரி என்றாள். பெயர் மசிகா. வேறென்ன இருக்கும்.

மார்ச் 3

டில்மான் தேறிவிட்டான். மசிகா கிண்டிய மரவள்ளிக் களியையும் மீனையும் வெளுத்துக்கட்டுகிறான். "மசிகாவுக்குத்தான் என் கஷ்டம் புரியுது, மேடம்" என்கிறான். என்ன கஷ்டம்? தனி அறை, கொசுவலை, நான் கொடுத்த ஃப்ளாஸ்க். இதில் உள்ளூர்ப் பெண்ணுக்குப் புரிவதற்கு என்ன இருக்கிறது?

மார்ச் 11

டில்மானுக்கு மலேரியா. கொசுவலையைக் கால்பந்துக் கம்பத்தில் கட்டக் கொடுத்திருக்கிறான், புண்ணியவான்.

மார்ச் 14

டில்மான் ஊருக்குப் போகிறான். அவன் அம்மா போனில் அழுதாளாம். நானும் அழுது பார்த்தேன். எடுபடவில்லை.

கையிருப்பு: சைபர்.

மார்ச் 16

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது?

மசிகா மூன்றாவது தடவை வந்தாள். நான் இருந்த எரிச்சலில் கத்திவிட்டேன். "வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும்னு எத்தன தடவ சொல்றது?"

அவள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். "அக்கா, நான் பேனி ஊர்க்காரி. எல்லைக்கு அந்தப் பக்கம், காங்கோ. மாணவர் அனுமதி இந்த மாசத்தோட முடியுது. உங்க கையெழுத்து இல்லேன்னா என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க. அங்க இப்ப எனக்கு வீடு கிடையாது."

அதற்கு நான் என்ன கேட்டேன் — "நம்ம பாஷை பேசுறியே?" என்று. என் வாயைத் தைக்க வேண்டும். எல்லைக்கோடு போட்டவன் எங்கள் பாஷையைக் கேட்டுக்கொண்டா போட்டான்? என் பெரியம்மா மகளை அந்தப் பக்கம்தானே கட்டிக்கொடுத்தோம்.

முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொல்ல வாயெடுத்தேன். நீங்க கண்ணுன்னு கூப்பிட்டீங்க. இந்த ஊர்ல என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல. கொஞ்ச நாள் உள்ளூர்க்காரியாவே இருந்துக்கலாம்னு தோணிச்சு."

கையெழுத்துப் போட்டேன். முத்திரையும் குத்தினேன். அவள் போனபின் வெகுநேரம் வெட்கமாக இருந்தது.

மார்ச் 17

நானாகவே கீழ்த்தளத்துக்குப் போனேன். சேர்க்கைப் பதிவேட்டில் பெயரைப் பார்க்காமல் ஊரைப் பார்த்தேன். பேனி. புதெம்போ. காசிண்டி. புனியா. பெரும்பாலும் நானே எழுதியவை. நாடு என்ற கட்டத்தில் 'காங்கோ' என்று மணிமணியாக எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். எழுதும்போது என் மூளை எங்கே போயிருந்தது?

அறுபத்து மூன்று பேர். அதில் பதினெட்டுப் பேர் கையெழுத்து வாங்காமல் அலைகிறார்கள். எத்தனை பேரை இந்தப் பலகையைக் காட்டித் துரத்தினேனோ.

மார்ச் 20

ஆட்சிக்குழு வந்தது. அறுபத்து மூன்று பேரும் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். துணைவேந்தர் எட்டிப் பார்த்து, "வெளிநாட்டுக்காரங்க எங்கம்மா?" என்றார். மசிகா எழுந்து பிரெஞ்சில் வரவேற்புரை பேசினாள். அவருக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அதனாலேயே முழுசாக நம்பினார்.

அலுவலகம் பிழைத்தது. போகும்போது தனியாகக் கூப்பிட்டு, குழுப் படத்தில் ஓரமாக டில்மானையும் ஒட்ட முடியுமா என்று கேட்டார்.

மார்ச் 27

பலகையைக் கழற்றிவிட்டேன்.

மதியம் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வாசலில் நின்று எங்கள் மொழியில் வணக்கம் சொன்னார். எழுந்துபோய் நாற்காலி போட்டேன். டீ வரவழைத்தேன். எத்தனை தடவை யார் யார் திருப்பி அனுப்பினார்களோ என்று மனசு கேட்கவில்லை. "எந்த நாடுங்க?" என்றேன்.

அவர் டீயை முழுக்கக் குடித்து முடித்தார்.

"பக்கத்துத் தெருதாங்க. கூலேயோட தம்பி. பல்பு மாட்ட வந்தேன்."